மேல்முறையீடு இல்லை என்னும் வரி

கொள்ளிடத்தில் மாட்டு வண்டியில் மணல் ஏற்றிப் பிடிபட்ட ஒருவர், தஞ்சாவூர் மாவட்டத்து நடுவர் நீதிமன்றம் ஒன்றில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வராந்தாவிலேயே வக்கீல் குமாஸ்தா சொல்லியாயிற்று: “அட்மிட் பண்ணிடுங்கண்ணே. ஃபைனைக் கட்டிட்டு நாளைக்கு அறுப்புக்குப் போவலாம். கேஸை நடத்துனா வாய்தா வாய்தான்னு இழுத்துக்கிட்டே போவும்.” தபேதார் பெயரைக் கூப்பிட்டதும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போகிறார். நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி, “ஒத்துக்கிறீங்களா?” என்கிறார். “ஒத்துக்கறேங்கய்யா.” பெஞ்ச் கிளார்க்கின் பேனா ஓடுகிறது. அடுத்த பெயர் கூப்பிடப்படுகிறது.

அந்த ஒரு சொல்லில் அவர் தலைமேல் ஒரு வரி வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை. குமாஸ்தாவும் சொல்லவில்லை, நடுவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. ‘இந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு இல்லை’ என்பதே அந்த வரியின் சாரம். அது எங்கே பிறந்து, எந்தெந்த ஊர் சுற்றி, காவிரிப் படுகைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெள்ளைக்காரன் விட்டுப்போன சரக்கு இது. 1898-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 412-ம் பிரிவில் இருக்கிறது: குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு கிடையாது, தண்டனை அதிகம் என்றோ, அந்தத் தண்டனை சட்டப்படி செல்லாது என்றோ மட்டும் கேட்கலாம். நான்தான் செய்தேன் என்று சொன்னவன், நான் செய்யவில்லை என்று மேல்கோர்ட்டில் போய் நிற்பானேன் என்பது அன்றைய நியாயம். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. சுதந்திர இந்தியா 1973-ல் புதுச் சட்டம் எழுதியபோது அதே வரி 375-ம் பிரிவாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 416-ம் பிரிவு. நம்பர் மாறியது, வாசகம் ஏறக்குறைய அப்படியே.

பக்கத்திலேயே அதற்கு ஒரு தம்பி உண்டு. முதல் வகுப்பு நடுவர் நூறு ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் போட்டால் அதற்கும் மேல்முறையீடு கிடையாது. ‘பெட்டிக் கேஸ்’ என்று ஸ்டேஷனில் சொல்வார்களே, அதற்கு ஏற்பட்ட பிரிவு. 1973-ல் நூறு ரூபாய் என்றால் ஒரு வயல்கூலியாளுக்குப் பல நாள் கூலி. அதே நூறு ரூபாயைப் புதுச் சட்டத்திலும் கை வைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பழைய சட்டத்தை எவ்வளவு சிரத்தையாகப் படித்துப் புதிதாக்கினார்கள் என்பதற்கு எனக்கு இந்த நூறு ரூபாயே போதும்.

இது வரை சொன்னது ஒருதலையான ஒப்புதல். அவர் ஒத்துக்கொண்டார், பதிலுக்கு அவருக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கல் வாங்கலாக இந்த வரி மாறியது அமெரிக்காவில். ‘குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனையைக் குறைக்கிறோம்’ என்று அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் பேசி முடிப்பது அங்கே நெடுநாள் பழக்கம். 1970-ல் பிரேடி வழக்கிலும் அடுத்த ஆண்டு சான்டோபெல்லோ வழக்கிலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதம் விசாரணை இல்லாமல் ஒப்புதலில்தான் வருகிறது என்று 2012-ல் அதே நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் எழுதியது.

1987-ல் அங்கே தண்டனை அளவுக்கென்று விரிவான கணக்கு விதிகள் வந்தன. இத்தனை கிராம் போதைப்பொருளுக்கு இத்தனை புள்ளி, இத்தனை புள்ளிக்கு இத்தனை மாதம் என்று பட்டியல். கணக்கு என்று வந்தால் தப்பும் வரும், தப்பு வந்தால் அப்பீலும் வரும். ஒப்புக்கொண்டவர்களே தண்டனைக் கணக்கை எதிர்த்து மேலே போக ஆரம்பித்தார்கள். அரசு வக்கீல்கள் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தார்கள்: ‘மேல்முறையீட்டு உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன்.’ 1990 வாக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இந்தப் பத்தி செல்லும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தன. இன்னும் போடப்படாத ஒரு தண்டனையை எதிர்க்கும் உரிமையை, அது ஆறு மாதமா ஆறு வருஷமா என்றே தெரியாமல் எப்படி விட்டுக்கொடுக்க முடியும் என்று அங்கே எதிர்த்த நீதிபதிகளும் உண்டு. நல்ல கேள்விதான். வழக்குச் சுமைக்கு முன்னால் அது எடுபடவில்லை.

ஆனால் அமெரிக்கர்கள் ஒன்று செய்தார்கள். 1999-ல் நடைமுறை விதியையே திருத்தி, ஒப்புதலை ஏற்கும் முன் நீதிபதி குற்றம்சாட்டப்பட்டவரை நேரே பார்த்து இந்தப் பத்தியை விளக்க வேண்டும், அது அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். 2019-ல் கார்ஸா வழக்கு வந்தது. ஐடஹோ மாநிலத்துக்காரர், உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார், பிறகு அப்பீல் போடச் சொல்லித் தன் வக்கீலிடம் திரும்பத் திரும்பக் கேட்டார், நீதான் எழுதிக் கொடுத்துவிட்டாயே என்று வக்கீல் போடவில்லை. வக்கீல் செய்தது தவறு என்றது உச்ச நீதிமன்றம். எந்த விட்டுக்கொடுப்பும் எல்லாக் கதவையும் அடைத்துவிடாது. ஒப்பந்தத்தின் எல்லைக்கு வெளியே ஏதாவது மிச்சம் இருக்கும். அதைச் சொல்ல மனு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது அதன் வாதம்.

இந்தியாவுக்குள் இந்தப் பேரம் கப்பலேறி வந்தபோது துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தினார்கள். பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் பழக்கம் சட்டத்தில் இல்லாமலே கீழ்கோர்ட்டுகளில் நடந்துகொண்டிருந்தது, குறிப்பாக உணவுக் கலப்பட வழக்குகளில். 1976-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். கலப்படம் செய்தவனும் அரசுத் தரப்பும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள், கலப்படத்தைத் தின்றவன் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை என்பது அவர் கோபம். 1980-ல் காசம்பாய் வழக்கில் நீதிபதி பகவதி, இப்படிப் பெற்ற ஒப்புதலில் தண்டிப்பது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்றார். நிரபராதியும் வழக்கின் அலைச்சலுக்குப் பயந்து ஒத்துக்கொண்டுவிடுவான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் குமாஸ்தா வராந்தாவில் சொன்னதும் அதே அலைச்சலைத்தான்.

அடுத்து வந்த திப்பேசுவாமி வழக்கை நான் இந்த வரியின் வரலாற்றில் முக்கியமானதாக வைப்பேன். கர்நாடகத்தில் வண்டியோட்டி ஒருவர் கவனக்குறைவால் உயிர்ச்சேதம் ஏற்படுத்திய வழக்கு. அபராதத்தோடு முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஒத்துக்கொண்டார், நடுவரும் அபராதம் மட்டும் போட்டார். அரசு மேலே போயிற்று. உயர் நீதிமன்றம் சிறைத் தண்டனையைச் சேர்த்துவிட்டது. ஆசை காட்டி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, அந்த ஒப்புதலையே பிடித்துக்கொண்டு மேல்கோர்ட்டில் தண்டனையைக் கூட்டுவது அரசியல் சாசனத்தின் 21-ம் உறுப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, வழக்கை முதலிலிருந்து நடத்தச் சொன்னது.

மேல்முறையீடு இல்லாமல் போவதைக் குற்றம்சாட்டப்பட்டவரின் நஷ்டமாகவே நாம் பார்க்கிறோம். திப்பேசுவாமிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அரசுக்கும் அப்பீல் இல்லாமல் இருந்திருந்தால் அவர் அபராதத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஆக இந்த வரி இரண்டு பக்கத்தையும் கட்டினால் அது ஏழைக்குக் கேடயம், ஒரு பக்கத்தை மட்டும் கட்டினால் விலங்கு. பழைய 375, இன்றைய 416 இரண்டாம் ரகம். ஒத்துக்கொண்டவர் தன் குற்றத்தீர்ப்பை எதிர்த்துப் போக முடியாது; தண்டனை போதாது என்று அரசு போவதற்கு வேறொரு பிரிவு திறந்தே கிடக்கிறது.

பேரத்தைத் தடுத்த நாட்டின் மனத்தை மாற்றியது விசாரணைக் கைதிகளின் கூட்டம். சட்ட ஆணையம் 1991-ல் 142-வது அறிக்கையிலும், 1996-ல் 154-வது அறிக்கையிலும், 2001-ல் 177-வது அறிக்கையிலும் பேரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்றது. 2003-ல் மலிமத் குழுவும் தலையசைத்தது. 2006 ஜூலை 5 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21-ஏ என்ற புது அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது. குற்ற ஒப்புதல் பேரம் என்கிறோம். கோர்ட்டில் ‘ப்ளீ பார்கெய்னிங்’ என்றால்தான் யாருக்கும் தெரியும்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் இது. பெண்கள் மீதான குற்றங்களும், குழந்தைகள் மீதான குற்றங்களும், அரசு அறிவிக்கும் சமூகப் பொருளாதாரக் குற்றங்களும் வெளியே. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் அந்த அறிவிக்கையில் இருக்கின்றன. கீழத்தஞ்சையின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அவசியமான விலக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணம் பள்ளித் தீ விபத்து வழக்கும் இந்த வாசலில் நுழைய முடியாத ஒன்று. 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகள் கருகினார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஜூலை 30-ல்தான் வந்தது. மேல்முறையீட்டில் 2017-ல் மதுரைக் கிளை பள்ளி நிறுவனரின் ஆயுள் தண்டனையைக் குறைத்தபோது பெற்றோர்கள் துடித்துப் போனார்கள். மேல்முறையீடு என்பது எப்போதும் நமக்குப் பிடித்த பக்கத்துக்கே வேலை செய்யும் என்றில்லை.

புது அத்தியாயத்தின் நடைமுறை இப்படி. குற்றம்சாட்டப்பட்டவர்தான் மனுப்போட வேண்டும். கூடவே ஒரு பிரமாணப் பத்திரம்: நானாக மனமுவந்து கேட்கிறேன், இந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, எவ்வளவு தண்டனை என்று தெரிந்து கேட்கிறேன், இதே குற்றத்துக்கு முன்பு தண்டிக்கப்படவில்லை. பிறகு நடுவர் அவரைத் தனியறையில், எதிர்த்தரப்பு இல்லாமல், அழைத்து விசாரிக்க வேண்டும். யாராவது மிரட்டி எழுதி வாங்கினார்களா என்று பார்க்கத்தான் அந்தத் தனியறை. பின்னர் அரசு வக்கீல், புலன்விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர், குற்றம்சாட்டப்பட்டவர் எல்லாரும் உட்கார்ந்து பேசி இரு தரப்புக்கும் திருப்தியான முடிவுக்கு வர வேண்டும். பழைய சட்டத்தில் தண்டனை நான்கில் ஒரு பங்காகும், குறைந்தபட்சத் தண்டனை விதித்த குற்றமானால் அதில் பாதி. புதுச் சட்டத்தில் முதல் முறைக் குற்றவாளிக்கு அது ஆறில் ஒன்றாகவும், குறைந்தபட்சத்தில் கால்வாசியாகவும் இன்னும் இறங்கியிருக்கிறது. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனுப்போட வேண்டும், 60 நாளுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்று கெடுவும் வைத்துவிட்டார்கள். மனுவில் சொன்னதை வேறெந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு பாதுகாப்பும் உண்டு.

கடைசியில் பழைய 265-ஜி பிரிவு. இப்போது 295. தீர்ப்பு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை, உச்ச நீதிமன்றத்தில் 136-ம் உறுப்பின்படி சிறப்பு அனுமதி மனுவும், உயர் நீதிமன்றத்தில் 226, 227-ம் உறுப்புகளின்படி ரிட் மனுவும் மட்டும் போடலாம். அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பத்தி, இங்கே ஒப்பந்தத்திலிருந்து எழுந்து சட்டப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கையெழுத்துப் போடுகிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். பிரமாணப் பத்திரத்தில் தண்டனை தெரியும் என்று சொல்ல வேண்டும், அப்பீல் உரிமை போய்விடும் என்பது தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனைக்கும் குற்றத்தீர்ப்பு பெற்றவருக்கு ஒரு தரமாவது மேல்முறையீடு என்பது நாகரிக நீதியின் அடிப்படை என்று 1978-ல் ஹோஸ்கோட் வழக்கில் எழுதியவர் அதே கிருஷ்ணய்யர். தண்டிக்கப்பட்டவரின் மேல்முறையீடு 21-ம் உறுப்பில் அடங்கும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது.

தஞ்சாவூரில் நின்று பார்த்தால் இந்தப் பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நடுவர் தீர்ப்பின் மீது சாதாரணமாக அப்பீல் போவது எங்கே? மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கு. பாபநாசத்திலிருந்தோ திருவையாற்றிலிருந்தோ டவுன் பஸ் ஏறினால் தஞ்சாவூர். தீர்ப்பு நகல் வாங்கி முப்பது நாளுக்குள் போட்டால் போதும். சாட்சி சொன்னது உண்மையா பொய்யா என்று அமர்வு நீதிபதி முதலிலிருந்து பார்ப்பார். அடைத்தது இந்தக் கதவை. திறந்து வைத்தவை எவை? மதுரையும் டெல்லியும். தஞ்சாவூரிலிருந்து மதுரைக் கிளை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். அங்கே போனாலும் ரிட் மனுவில் சாட்சியைக் கிளற மாட்டார்கள். நடைமுறை மீறப்பட்டதா, உரிமை பறிபோனதா என்றுதான் பார்ப்பார்கள். டெல்லியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடிக்காரருக்கு இன்னும் வேறு கதை. 2004 ஜூலை 24-ல், கும்பகோணம் தீ எரிந்து எட்டாம் நாள், மதுரைக் கிளை திறந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் அதன் எல்லைக்குள் போயிற்று; திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடேயே தங்கின. 1991 வரை எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லா. ஒரே வாய்க்கால் தண்ணீரில் நாற்று விடுகிற இரண்டு ஊர்களில் ஒருவர் ரிட் போட மதுரைக்கும் இன்னொருவர் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்கும் போக வேண்டும். உள்ளூர்க் கதவைச் சாத்திவிட்டு, ‘அரசியல் சாசனக் கதவுகள் திறந்தே இருக்கின்றன’ என்பது சட்டக் கல்லூரி விடைத்தாளில் நன்றாக இருக்கும்.

மக்கள் நீதிமன்றத்திலும் இதே ஏற்பாடுதான். லோக் அதாலத்தில் முடிந்த விபத்து இழப்பீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 21-ம் பிரிவு மேல்முறையீட்டை அடைக்கிறது. 226, 227 மட்டும்தான் வழி என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே பணம்தான் கைமாறுகிறது. பெயருக்குப் பின்னால் குற்றவாளி என்று எழுதுவதில்லை.

பேரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆள் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்திரக் கணக்குகளில் இந்த வழியில் முடிந்த வழக்குகள் மிகச் சொற்பம். 2022-ல் உச்ச நீதிமன்றமே இதைப் பயன்படுத்துங்கள் என்று கீழ்கோர்ட்டுகளைத் தூண்டிப் பார்த்தது. வக்கீல்களைக் கேட்டால் காரணம் எளிது. சின்ன வழக்கென்றால் சும்மா ஒத்துக்கொண்டாலே அபராதத்தோடு போய்விடும், பேரம் எதற்கு? பெரிய வழக்கென்றால் சாட்சி பிறழ்ந்துவிடுவார், அல்லது ஊர்ப் பெரியவர்கள் பேசி சமாதானம் ஆகிவிடும், விடுதலையே கிடைக்கும். தானாகப் போய்க் குற்றவாளி என்று ஏன் பெயர் எடுக்க வேண்டும்? கட்சிக்காரருக்கு நன்மை சொல்கிற எந்த வக்கீலும் அப்படித்தான் யோசிப்பார். ஆகவே தனியறை, பிரமாணப் பத்திரம், நான்கு பேர் உட்கார்ந்து பேசும் மேசை என்ற பாதுகாப்பெல்லாம் அமைந்த 295-ம் பிரிவுக்குக் கூட்டமில்லை. எந்தப் பாதுகாப்பும் இல்லாத 416-ம் பிரிவுக்குள்தான் ஜனம் தினமும் நுழைகிறது.

நம் மணல் வண்டிக்காரரிடம் திரும்புவோம். 2003 முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணல் அள்ளுவது அரசின் கையில். அனுமதிச் சீட்டு இல்லாத வண்டி மணல் திருட்டு மணல். திருட்டுப் பிரிவும் போடலாம், கனிமச் சட்டத்தின் 21-ம் பிரிவும் போடலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அந்த 21-ம் பிரிவிலேயே வண்டியைப் பறிமுதல் செய்யவும் இடம் இருக்கிறது. வராந்தாவில் ‘அபராதம்’ என்று காதில் விழுந்ததே தவிர, தண்டனை உறுதியானால் வண்டியின் கதி என்ன என்று யாரும் பேசவில்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ம் பிரிவில் ஒரு நல்ல சலுகை வேறு புதிதாக வந்திருக்கிறது: திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஒரு மாட்டு வண்டி மணலுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அது முதல் தடவைக்கு மட்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அறுப்பு அவசரத்தில் ஒத்துக்கொண்ட ஒரு சின்னத் திருட்டு வழக்கு இருந்தால் சலுகை போயிற்று. பேரத்தின் ஆறில் ஒரு பங்குச் சலுகையும் போயிற்று. அந்தப் பழைய வழக்கில் அவர் நிஜமாகவே செய்தாரா என்று இனி எந்த அமர்வு நீதிமன்றமும் பார்க்காது.

மறியல் வழக்குகளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். காவிரிக்காகச் சாலையில் உட்காராத தலைமுறை டெல்டாவில் இல்லை. 2018 ஏப்ரலில் மேலாண்மை வாரியம் கேட்டு ஊர் ஊராக மறித்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, தடையுத்தரவை மீறியது என்று அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143, 188-ம் பிரிவுகள். இருநூறு ஐந்நூறு கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொள்வது இந்த வழக்குகளில் வாடிக்கை. அதே ஆண்டு செப்டம்பரில் கரூர் மாவட்டத்து வழக்கு ஒன்றில் மதுரைக் கிளை, 188-ம் பிரிவுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வழக்கை ரத்து செய்தது. ஜீவானந்தம் தீர்ப்பு என்று இன்றைக்கும் வக்கீல்கள் தூக்கிக்கொண்டு ஓடுவது அதைத்தான். நின்று போராடியவர்களின் வழக்கு கலைந்தது. அதற்கு முந்தின மாதம் அபராதம் கட்டியவர்களின் வழக்கும் அதே ஓட்டையுள்ள வழக்குதான். ஆனால் அவர்கள் ஒத்துக்கொண்டவர்கள். மேல்முறையீட்டில் தண்டனையைப் பற்றி மட்டும்தான் பேசலாம், வழக்கே செல்லாது என்பதைப் பேச முடியாது. பிள்ளை போலீஸ் வேலைக்கு எழுதித் தேறி, முன்வரலாறு சரிபார்ப்புக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்போதுதான் அந்த ஐந்நூறு ரூபாயின் விலை தெரியும்.

படுகையின் கிழக்கு ஓரத்தில் இதே கதை கடல் தாண்டுகிறது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், நாகப்பட்டினம் மீனவர்கள் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டால் ஊர்காவற்துறையிலோ பருத்தித்துறையிலோ நீதவான் முன் நிற்கிறார்கள். யாழ்ப்பாணச் சிறையில் சில வாரம். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையோடு விடுதலை, கொழும்பிலிருந்து விமானம். மேல்முறையீட்டை அங்கே யாரும் விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை. வீடு போகிறவன் எந்த அப்பீலைப் போடப் போகிறான்? படகு வழக்கு தனியே நடக்கும், படகு பெரும்பாலும் திரும்பாது. ஒத்திவைத்த தண்டனையோ தூங்கிக்கொண்டிருக்கும், மறுமுறை பிடிபட்டால் விழித்துக்கொள்ளும். 2024 பிப்ரவரியில் ஊர்காவற்துறை நீதிமன்றம் படகோட்டிகளையும் மறுமுறை பிடிபட்டவரையும் சிறைக்கு அனுப்பியபோது தமிழ்நாட்டு மீனவர்கள் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். முதல் தடவை ஒப்புக்கொண்டது இரண்டாம் தடவைக்கு அடமானம் என்பது கரையில் எல்லாருக்கும் அப்போது தெரிந்தது.

இந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பேசி முடித்த வழக்கு முடிந்ததாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர் எந்த நம்பிக்கையில் மேசைக்கு வருவார்? அரசும் மேலே போக முடியாது என்பதால் 295-ம் பிரிவு ஒத்துக்கொண்டவரைத் திப்பேசுவாமியின் கதியிலிருந்து காப்பாற்றுகிறது. எனக்கு ஆட்சேபம், ஆளுக்குத் தெரியாமல் அது அவர் மேல் உட்காருவதில்தான். 290-ம் பிரிவின் தனியறை விசாரணையில் நடுவர், ‘இதற்கு மேல் தஞ்சாவூருக்கு அப்பீல் போக முடியாது, தெரியுமா?’ என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய இன்றைய சட்டத்திலேயே தடை எதுவும் இல்லை. பிரமாணப் பத்திரத்திலும் அதை ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். 416-ம் பிரிவில் விழும் சின்ன வழக்குகளுக்குத் தனியறை கிடையாது. அங்கே, ஒத்துக்கிறீங்களா என்று கேட்கும் முன் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்க்க வேண்டும்: அப்பீல் போய்விடும், வண்டியும் போகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல்கள் எல்லா மாவட்டத் தலைநகரிலும் இருக்கிறார்கள். அந்த இரண்டு வாக்கியத்தை வராந்தாவில், குமாஸ்தா முந்திக்கொள்வதற்குள், அவர்களில் ஒருவர் சொன்னாலும் சரி.